ஒற்றை ஜன்னலுக்கு இருபத்து மூன்று பேர்

பகல் முழுக்க ஜங்ஷன் கவுண்டரில்
இடமில்லை, இடமில்லை என்று சொல்லி முடித்து
சூரமங்கலத்தில் முதல் மாடி வாடகை வீட்டைத் திறந்தால்
இங்கும் ஜன்னல் ஒன்றுதான்,
மேற்கே பார்த்தது.
காத்திருப்பவர்கள் இருபத்து மூன்று பேர்.

செவ்வாய்பேட்டையில் எடைபோட்டு வாங்கிய
மூன்றடுக்கு இரும்பு ஸ்டாண்டு.
துருவைச் சுரண்டிப் பச்சை அடித்தேன்.
பச்சைக்குள் பச்சை தொலைந்துபோக
மறுபடி வெள்ளை.

அப்பர் பெர்த்தில் கற்றாழையும் மருளும்:
சித்திரையில் கண்ணாடி கொதித்தாலும்
புகார் எழுதாத வகை.
நடுவில் மணி பிளாண்ட்,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேர் தெரிய.
கீழே நிழல் கேட்டு வந்தவர்கள்.
அதில் ஒன்றின் பெயர் பஸ்ஸிலேயே மறந்துவிட்டது,
இலை மட்டும் புளித்த மோர் நிறம்.
தொட்டி மண் மேல் வெள்ளைக்கல் பரப்பினேன்,
சுரங்க லாரிகள் திருப்பத்தில் சிந்தியவை.

உயரமானதைப் பின்னால் நிறுத்து,
பள்ளிக்கூட போட்டோ மாதிரி
என்கிறார் மாதேஸ்வரன்.
அப்படியும் நிறுத்தினேன்.
நிறம் பார்த்து ஒருமுறை.
தொட்டியின் வாய் அளந்து ஒருமுறை.
வந்த தேதிப்படி ஒருமுறை, ஆபீஸ் புத்தி.
எல்லாமே அழகாகத்தான் இருந்தது
வியாழக்கிழமை வரை.

செடிகளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று:
மூன்று மணிமுதல் ஐந்தேகால்வரை
சிவப்புத் தரையில் ஊரும் அந்த வெயில் சதுரம்.
ஞாயிறு முழுக்கச் சாக்பீஸோடு உட்கார்ந்து
அரைமணிக்கு ஒரு கோடு இழுத்தேன்.
வாசலில் போடாத கோலம்
நடுக்கூடத்தில் எதற்கு என்றாள் நாத்தனார்.

ஏற்காட்டுப் பெரணி மட்டும்
எந்தக் கோட்டுக்குள்ளும் வரவில்லை.
ரோஸ்லின் அக்கா ஈரச்சாக்கில் சுற்றித் தந்ததை
இருபது கொண்டை ஊசிக்கும் மடியில் வைத்து இறக்கினேன்.
அஸ்தம்பட்டி தொட்டதும் நுனி சுருண்டது.
குளியலறை வென்டிலேட்டருக்குக் கீழே
வாளிக்கு நேர்மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.
நாங்கள் குளிக்கும்போதெல்லாம் அதற்கு மலை.
நாலுபேர் பார்க்கட்டுமென்று வாங்கியது,
சோப்பு டப்பா பார்க்கிறது.

மாசியில் பக்கத்து மனையில் கம்பி நட்டார்கள்.
ஒரு தளம் எழும்பியதும்
ஐந்தேகால் நாலரை ஆனது.
அடுத்த தளத்துக்கு, மூன்று ஐம்பது.
முதலில் நிறம் விட்டது குரோட்டன்,
சிவப்பெல்லாம் வடிந்து வெறும் பச்சை.
புதுச் சார்ட் போட்டாக வேண்டும்.
யாரை எழுப்பி யாரை உட்காரவைப்பது?
கவுண்டரில் நான் இவ்வளவு யோசித்ததில்லை.
அங்கே கம்ப்யூட்டர் சொல்லும், நான் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை
கைக்கெட்டும் தூரத்துச் சாரத்தில் நின்று
சித்தாள் பாவாயி கேட்டாள்:
"எல்லாத்தையும் எங்களப் பாத்தாப்பலயே
வெச்சிருக்கீங்களே, எதுக்குங்க?"

அப்போதுதான் பார்த்தேன்.
இரண்டு வருடமாய் நான் அடுக்கி
நாலடி பின்னால் போய்
தலைசாய்த்து ரசித்ததெல்லாம்
இலைகளின் முதுகு.
முகம் அத்தனையும் வெளியே,
அவள் செங்கல் ஏற்றும் பக்கம்.
எப்படி இருக்கு என்றேன்.
"கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குதுங்க,
இன்னும் நாலு வரி கட்டுனா மறஞ்சிரும்."

மணி பிளாண்டில் ஒரு கொடி ஒடித்து
கம்பி வழியே நீட்டினேன்.
சிமெண்ட் காய்ந்த விரலால் வாங்கி
தண்ணீர் பாட்டிலில் செருகி
சாரக் கம்போடு கட்டிக்கொண்டாள்.
இப்போது அது மூன்றாம் தளத்தில்,
மாலை ஆறுவரை வெயிலில்.

இங்கே மூன்று இருபது.
ஸ்டாண்டை இழுக்கிறேன், தரை கிறீச்சிடுகிறது.
மறுபடியுமா என்கிறார் மாதேஸ்வரன்
உள்ளே, பெரணிக்குக் கீழே
தலைக்குத் தண்ணீர் ஊற்றியபடி.